கிழமை காட்டும் டிஜிட்டல் கடிகாரம்: டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவருக்கு வாங்கலாமா?

ஆன்லைன் கடைகளில் ‘டே கிளாக்’, ‘டிமென்ஷியா கிளாக்’ என்ற பெயர்களில் 7, 8, 10 அங்குலத் திரையோடு கடிகாரங்கள் விற்கின்றன. கறுப்புத் திரையில் கிழமை, பகலா இரவா, மணி, தேதி ஆகியவற்றைச் சுருக்காமல் முழுச் சொல்லாகப் பெரிதாகக் காட்டுவதுதான் இவற்றின் வேலை. பிராண்டு பெயர்கள் பல இருந்தாலும் மெனுவும் வசதிகளும் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் எந்த கம்பெனி என்று பார்ப்பதைவிட எந்த வசதி இருக்கிறது, அதை எப்படி செட் செய்வது என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரின் ஆரம்பக் கட்டத்திலோ நடுக்கட்டத்திலோ இருப்பவர், படிக்கத் தெரிந்தவர், கண் ஓரளவு தெரிகிறவர் என்றால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் மருந்து அலாரத்தை நம்பி வாங்க வேண்டாம். இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கடிகாரத்தின் ஒரு பாதி, நோய் இன்னும் பெரிதாகத் தொடாத நினைவு வலைப்பின்னலிடம் வேலை கேட்கிறது. மறு பாதி, நோய் முதலில் சிதைத்த வலைப்பின்னலிடம் கேட்கிறது.

நினைவு என்பது மூளையில் ஒரே இடத்தில் இருக்கும் ஒன்றல்ல. இன்று காலை என்ன நடந்தது, யார் வந்தார்கள், நேற்று எங்கே போனோம் என்பதையெல்லாம் பதிய வைப்பது மூளையின் உட்பக்கத்தில் உள்ள ஹிப்போகாம்பஸும் அதை ஒட்டிய என்டோரைனல் புறணியும் (புறணி என்பது மூளையின் மேலடுக்கு). இவை தனித்து இயங்குவதில்லை. தலாமஸோடும், மூளையின் பின்நடுப் பகுதியில் உள்ள பின் சிங்குலேட், பிரிகூனியஸ் ஆகியவற்றோடும் சேர்ந்து ஒரு பின்னலாக இயங்குகின்றன. அல்சைமரில் டாவ் என்ற புரதம் இழையாகச் சிக்கிக்கொண்டு ஆரம்பத்திலேயே குவிவது என்டோரைனல் புறணியில்தான். இந்தப் புரதம் மூளையில் பரவும் வரிசையை வைத்து ஜெர்மனியின் மூளை ஆய்வாளர்களான பிராக் தம்பதியர் 1991-ல் வகுத்த படிநிலைகள் இன்றும் இதற்கான அளவுகோலாக இருக்கின்றன. அமிலாய்டு என்ற இன்னொரு புரதம் படிவது வேறு இடத்தில், பின்நடுப் பகுதியை உள்ளடக்கிய வலைப்பின்னலில் முன்கூட்டியே தொடங்குகிறது. இப்படி இரண்டு முனையிலும் அடி விழுவதால் புதிதாக எதையும் பதிய முடிவதில்லை. கிழமையும் தேதியும் தினமும் மாறுகிறவை, அதாவது ஒவ்வொரு நாளும் புதிதாகப் பதிய வேண்டியவை. அதனால்தான் பொதுவாக முதலில் நாள் குழம்புகிறது, பிறகு இடம், அதற்கும் பிறகே ஆட்கள்.

பழக்கம் வேறு பாதையில் ஓடுகிறது. பல் துலக்குவது, சாவியைத் திருப்புவது, ஒரு குறிப்பிட்ட சுவரைத் தினமும் நிமிர்ந்து பார்ப்பது எல்லாம் மூளையின் உள்ளாழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டமும் அதன் இணைப்புகளும் பார்த்துக்கொள்ளும் வேலை. 1953-ல் அமெரிக்காவில் வலிப்புக்காக ஹென்றி மொலைசன் என்பவருக்கு இரண்டு பக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அறுத்து எடுத்தார்கள். அதன்பின் அவருக்குப் புதிய சம்பவம் எதுவும் மனதில் நிற்கவில்லை. ஆனால் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் கொடுத்தபோது, நாளுக்கு நாள் அவர் கை தேறியது. முந்தைய நாள் அதை வரைந்த நினைவு மட்டும் அவருக்கு இல்லை. சொல்லைக் கண்டதும் வாசித்துவிடும் திறனும் இப்படித்தான். பள்ளிக்கூடத்திலிருந்து ஊறிய பழக்கம் என்பதால், அல்சைமரில் நெடுநாள் நிற்கிறது.

கிழமை காட்டும் கடிகாரம் நிற்பது இந்த இடத்தில்தான். ‘இன்று புதன்’ என்பதை நினைவிலிருந்து எடுக்கச் சொல்லாமல், வாசிக்க மட்டும் சொல்கிறது. முள் கடிகாரத்தில் சின்ன முள், பெரிய முள், அவற்றின் கோணம் எல்லாவற்றையும் கணக்குப் போட வேண்டும். அதற்குத் தேவைப்படும், இடத்தையும் கோணத்தையும் கணிக்கும் பெரைட்டல் புறணியும் அல்சைமரில் தளரும். நினைவுப் பரிசோதனையில் கடிகாரம் வரையச் சொல்வது இதனால்தான். ஆக, முள் கடிகாரத்தை எடுத்துவிட்டுச் சொல் காட்டும் திரையை வைப்பது நியாயமான மாற்றம்.

இனி திரையைப் பார்ப்போம். 8 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. 4:3 விகிதத் திரை என்றால் அகலம் 16 செ.மீ., உயரம் 12 செ.மீ.தான். ஆங்கிலத்தில் ‘வெட்னஸ்டே’ என்ற 9 எழுத்துச் சொல் அந்த அகலத்துக்குள் அடங்க வேண்டும். ஓர் எழுத்துக்கு ஒன்றே முக்கால் செ.மீ.தான் கிடைக்கும். கட்டிலிலிருந்து 6, 7 அடியில் இருக்கும் மேஜைக்கு அது போதும். கூடத்தில் 12 அடி தள்ளிப் பார்க்க வேண்டும் என்றால் 10 அங்குலத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள். வாங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடலாம். கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்தாக அந்தச் சொல்லை அதே அளவில் எழுதி, கடிகாரம் வரப்போகும் இடத்தில் ஒட்டி, அவர் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் பெரிய திரை, அல்லது இடம் மாற்றம்.

நிறம் முக்கியம். கறுப்பில் வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்து நல்லது. நீல எழுத்து பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வயதானவரின் கண்வில்லை மஞ்சள் பூத்திருக்கும், கண்புரையும் சேர்ந்தால் நீலம் மங்கிப்போகும். கிழமைக்கு ஒரு நிறம், தேதிக்கு ஒரு நிறம் என்று மாற்றும் வசதி இருந்தாலும் ஒரே நிறத்தில் விடுவதே மேல். திரையின் பளபளப்பும் கவனிக்க வேண்டியது. ஜன்னலுக்கு எதிரே வைத்தால் எழுத்து தெரியாமல் ஜன்னல்தான் தெரியும்.

பெட்டியைத் திறந்ததும் மெனுவில் மாற்ற வேண்டியவை சில. மாதம்/நாள் என்று எண்ணில் காட்டும் முறையை முதலில் அணையுங்கள். 03/07 என்பது மார்ச் 7-ஆ ஜூலை 3-ஆ என்று நல்ல நினைவு உள்ளவருக்கே குழம்பும். மாதப் பெயரோடு காட்டும் முறை நீங்கள் பார்க்கும் மாடலில் உண்டா என்பதை வாங்கும் பக்கத்துப் படங்களிலேயே பார்த்துவிடலாம். 24 மணி நேர முறை வேண்டாம். பகல், மாலை, இரவு என்ற சொல் எப்போது மாறுகிறது என்பதையும் பாருங்கள். சில மாடல்களில் நள்ளிரவு தாண்டியதுமே ‘பிஃபோர் டான்’ (விடியலுக்கு முன்) என்று வந்துவிடும். நள்ளிரவு 1 மணிக்கு எழுந்தவர் அதைப் பார்த்து, விடியப்போகிறது என்று குளிக்கக் கிளம்பினால் தவறு அவருடையது அல்ல. நேர எல்லைகளை நாமே வைத்துக்கொள்ளும் வசதி இருந்தால், அதிகாலை 5 வரை ‘நைட்’ என்றே காட்டும்படி வையுங்கள். இந்த ஒரு வசதிக்காகக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு இந்தச் சந்தை பெரிய குறையை வைத்திருக்கிறது. எளிதில் கிடைக்கும் மாடல்களின் மொழிப் பட்டியலில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் இருக்கும். தமிழைக் காண்பது அரிது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கணித்தது. இவ்வளவு பேர் இருக்கும் நாட்டின் மொழிகளைச் சேர்க்காமல் விடுவது வருத்தத்துக்குரியது. இடைக்கால மாற்று, வீட்டில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட். செட்டிங்ஸில் மொழியைத் தமிழாக்கி, திரை அணையாதபடி ஒரு கடிகார ஆப்பை வைத்தால் கிழமை தமிழில் வரும். ஆப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ‘திங்.’, ‘செவ்.’ என்று சுருக்காமல் முழுப் பெயர் காட்டுகிறதா என்று பாருங்கள். நோட்டிபிகேஷன், அழைப்பு எதுவும் திரையில் வரக்கூடாது. விமானப் பயன்முறையில் விடுவது எளிது. நாள் முழுக்க சார்ஜரிலேயே இருக்கும் டேப்லெட்டின் பேட்டரி உப்பக்கூடும் என்பதால் மாதம் ஒருமுறை பின்மூடியைத் தடவிப் பாருங்கள். புடைத்திருந்தால் அந்த நிமிடமே எடுத்துவிட வேண்டும்.

ஆண்டு எண் தனிச் சிக்கல். பழைய நினைவுகள் ஹிப்போகாம்பஸை அதிகம் சாராமல் புறணியில் பரவிப் பதிந்திருப்பதால், நோய் முற்றும்போது பலர் முப்பது, நாற்பது வருடம் முந்தைய காலத்தில் வாழத் தொடங்குவார்கள். அவர் மனதில் 1985 ஓடிக்கொண்டிருக்க, திரை வேறு ஆண்டைக் காட்டினால் பதற்றம்தான் மிஞ்சும். ஆண்டை மறைக்கும் வசதி மெனுவில் இல்லையென்றால் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒல்லியாக வெட்டி அந்த எண்ணின்மேல் ஒட்டிவிடலாம். கறுப்புத் திரையில் டேப் கண்ணுக்குத் தெரியாது.

மின்சாரம்தான் இந்தக் கடிகாரத்தின் பலவீனம். பெரும்பாலானவை 5 வோல்ட் அடாப்டரில் ஓடுகின்றன. உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி நேரத்தை நினைவில் வைக்க மட்டும்தான், திரையை ஓட்ட அல்ல. கரண்ட் போனால் திரை இருண்டுவிடும். கடையில் நெடுநாள் கிடந்து அந்தச் சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் திரும்பியதும் ஜனவரி 1 என்று காட்டும். தப்பான தேதி காட்டும் கடிகாரம், கடிகாரமே இல்லாததைவிட மோசம். நமக்கானால் ‘நேற்றுதானே தீபாவளி’ என்று சந்தேகம் வரும். சந்தேகப்பட நேற்றைய நினைவு வேண்டும், அது இல்லாதவர் திரையை அப்படியே நம்புவார். வாங்கிய அன்றே நேரத்தை செட் செய்து, பிளக்கைப் பிடுங்கி பத்து நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் பேட்டரியை மாற்றுங்கள், அல்லது திருப்பி அனுப்புங்கள். இன்வெர்ட்டர் லைனில் உள்ள பாயின்ட்டில் செருகுவது நல்லது. அந்த சுவிட்ச் கைக்கு எட்டாமல், அலமாரிக்குப் பின்னால் இருக்கட்டும். படுக்கப்போகும் முன் எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுவது அந்தத் தலைமுறையின் ஊறிய பழக்கம். அந்தப் பழக்கம் நினைவு போன பிறகும் போகாது.

எங்கே மாட்டுவது? பல தமிழ் வீடுகளில் இதற்கு ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது: தினசரி காலண்டர் தொங்கும் ஆணி. காலையில் எழுந்து தாள் கிழித்து, கிழமையும் ராகு காலமும் பார்த்த கண் நாற்பது வருடமாக அந்தச் சுவரைத்தான் தேடுகிறது. கடிகாரத்தை அதே இடத்தில், அதே உயரத்தில் வையுங்கள். டிவி பக்கத்திலோ புதிதாக வாங்கிய அலமாரியிலோ வேண்டாம். புதிய இடத்தைக் கற்க ஹிப்போகாம்பஸ் வேண்டும், பழைய இடத்தைப் பார்க்கப் பழக்கம் போதும். தினசரி காலண்டரை அப்படியே விடலாமா என்றால், ஆரம்பக் கட்டத்தில் விடலாம். கிழித்ததை மறந்து ஒரே நாளில் மூன்று தாள் கிழியத் தொடங்கினால் எடுத்துவிடுங்கள். இரண்டு தேதிகள் அருகருகே இருந்தால் எது சரி என்று தீர்மானிக்கும் சுமை அவர்மேல் விழும்.

மாட்டிவிட்டால் மட்டும் வேலை முடியாது. கடிகாரம் இருப்பதே அவருக்குத் தெரியாது; தெரிந்தாலும் கிழமை குழம்பும் நேரத்தில் அதைப் பார்க்கத் தோன்றாது. ‘வாங்கினோம், ஒரு பிரயோஜனமும் இல்லை’ என்று சொல்லும் வீடுகள் பெரும்பாலும் இந்தப் படியைத் தவறவிட்டவை. பார்க்கும் பழக்கத்தை ஊட்ட வேண்டும், அதற்கு இடைவெளி விட்டுக் கேட்கும் முறை ஒன்று உண்டு. டிமென்ஷியா உள்ளவர்களுக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் கேமரன் கேம்ப். செய்முறை எளிது. கடிகாரத்தைக் காட்டி, “அப்பா, கிழமை தெரியணும்னா இந்தக் கடிகாரத்தைப் பாருங்க” என்று சொல்லிவிட்டு உடனே கேளுங்கள்: “கிழமை தெரியணும்னா எங்க பார்ப்பீங்க?” “கடிகாரத்தைப் பார்ப்பேன்” என்று சொல்லி, திரும்பி அதைப் பார்த்தால் சரி. சொல்லோடு பார்வையும் சேர வேண்டும், அதுதான் பழக்கமாகிறது. 15 விநாடி கழித்து அதே கேள்வி, அதே சொற்களில். பிறகு 30 விநாடி, 1 நிமிடம், 2, 4, 8, 16 என்று இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். நடுவில் வெற்றிலை மடிக்கலாம், பேரப்பிள்ளை கதை பேசலாம். ஒரு முறை தவறினால் உடனே சரியான பதிலை நீங்களே சொல்லி, அவரையும் சொல்லவைத்து, கடைசியாகச் சரிவந்த இடைவெளிக்குத் திரும்புங்கள். சுமார் அரை மணி நேரத்தோடு நிறுத்திவிடுங்கள். மறுநாள் முதல் கேள்விக்கே பதில் வந்தால் பழக்கம் பிடித்துவிட்டது என்று பொருள்.

இதில் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியது, “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பார்ப்போம், இன்னிக்கு என்ன கிழமை?” என்ற சோதனை. தவறான பதிலை ‘இது தவறு’ என்று முத்திரை குத்தி ஒதுக்குவது ஹிப்போகாம்பஸின் துணையோடு நடக்கும் வேலை. பழக்கப் பாதைக்கு அந்த வடிகட்டி கிடையாது. வாயில் வந்தது தவறானாலும் திரும்பத் திரும்ப வந்தால் அதுவே ஊறிவிடும். எனவே ஊகிக்க விடாமல், பதிலை முன்கூட்டியே கொடுத்துப் பழக்குவதே சரி.

இந்தப் பயிற்சி எல்லா நோய்க்கும் ஒரே அளவில் பலிக்காது. 1996-ல் அமெரிக்காவில் நோல்டன், மாங்கல்ஸ், ஸ்குவயர் மூவரும் செய்த ஆய்வில், நினைவிழந்தவர்கள் படிப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரு பழக்கப் பணியை பார்க்கின்சன் நோயாளிகளால் கற்க முடியவில்லை. அந்தப் பணி பற்றிய விவரங்கள் மட்டும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு நன்றாக நினைவிருந்தன. பார்க்கின்சன் போல ஸ்ட்ரையேட்டம் அடிபட்ட நோயில் பழக்கத்தை நம்புவதைவிட, ஒவ்வொரு முறையும் “கடிகாரத்தைப் பாருங்க” என்று நாமே எடுத்துக்கொடுப்பது மேல்.

அலாரத்துக்கு வருவோம். மருந்து நேரத்தில் மணி அடித்து, ‘மாத்திரை சாப்பிடும் நேரம்’ என்ற செய்தி திரையில் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பின் நடக்க வேண்டியவற்றைப் பாருங்கள்: சத்தம் எதற்கு என்று புரிய வேண்டும், எழுந்து அடுத்த அறைக்குப் போக வேண்டும், போகும் வழியில் எதற்குப் போகிறோம் என்பது மனதில் நிற்க வேண்டும், சரியான மாத்திரையை எடுக்க வேண்டும், போட்ட பிறகு போட்டுவிட்டோம் என்பது நினைவில் இருக்க வேண்டும். வழியில் மறப்பது முன்மூளையின் தளர்ச்சி, போட்டதை மறப்பது ஹிப்போகாம்பஸின் தளர்ச்சி. இரண்டாவதுதான் ஆபத்தானது. அல்சைமருக்குத் தரும் டோனெபிசில் இரவில் ஒரு வேளை 5 அல்லது 10 மி.கி. என்று கொடுக்கப்படும் மருந்து. மறந்து இன்னொன்று போட்டால் வாந்தி, நாடித்துடிப்பு குறைதல், மயங்கி விழுதல் வரை போகலாம். எனவே அலாரங்களை அணைத்துவிடுங்கள். மாத்திரையைக் கையில் கொடுத்து விழுங்குவதைப் பார்க்க ஆள் வேண்டும். ஆள் இல்லாத வேளைக்கு அந்த வேளை மருந்தை மட்டும் திறந்துவிடும் பூட்டுள்ள பெட்டி வேண்டும்.

யாருக்கு வாங்க வேண்டாம் என்பதும் நோய் எந்தப் பின்னலைப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பின்புறப் புறணி சுருங்கும் வகை அல்சைமரில் கண் நன்றாக இருந்தும் எழுத்தைத் திரையில் தேடிப் பிடிக்க முடியாது. பட்டனை அமுக்கினால் பேசும் கடிகாரமே அவருக்குச் சரி. பொட்டுப் பக்கம் உள்ள மூளை மடலின் முன்நுனி சிதையும் செமாண்டிக் டிமென்ஷியாவில் சொற்களின் பொருளே கரைகிறது, ஆனால் நாள்நேரக் கணக்கு நன்றாக இருக்கும். அவர்களில் சிலர் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்து நிமிடம் பிசகாமல் காரியம் செய்வதில் இறுகிப்போவார்கள்; அங்கே பெரிய கடிகாரம் அந்த இறுக்கத்தைக் கூட்டும். மூளையின் முன்பகுதி சிதைந்து நடத்தை மாறும் டிமென்ஷியா வகையில் சிக்கல் நினைவில் இல்லை, இந்தப் பொருளால் லாபமும் இல்லை. லூயி பாடி வகை டிமென்ஷியாவில் இல்லாத ஆட்களைக் காண்பது சகஜம். இருட்டு அறையில் பளபளக்கும் திரையில் நிழல் ஆடினால் அது ஒரு முகமாகத் தெரியக்கூடும். பளபளப்பில்லாத திரையாக வாங்கி, இரவில் வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். பொதுவாகவே படுக்கையறைக்குத் தானாக மங்கும் வசதி வேண்டும். ஆனால் எழுத்தே தெரியாத அளவுக்கு மங்கினால், நள்ளிரவில் எழுபவருக்கு ‘நைட்’ என்ற சொல் கண்ணில் படாது, அந்தக் கடிகாரம் அங்கே இருந்தும் பயனில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலில் படுத்துப் பார்த்து அளவை வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை அவசியம். நேற்று வரை கிழமை சொன்னவர் இன்று திடீரென்று பகல் இரவு தெரியாமல் உளறினால் கடிகாரம் தேடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவை ஓரிரு நாளில் இப்படிக் குழப்பும். அன்றே மருத்துவரிடம் போக வேண்டிய நிலை அது, பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது.

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் மூன்று பக்கத்திலிருந்தும் திரையைப் பாருங்கள். மலிவான பேனலில் பக்கவாட்டிலோ கீழிருந்தோ பார்த்தால் எழுத்து வெளிறிவிடும், படுத்திருப்பவர் பார்ப்பது கீழிருந்துதான். பின்பக்க பட்டன்கள் கை பட்டதும் அமுங்குகின்றனவா என்றும் பாருங்கள். எடுத்துத் துடைக்கும்போது நேரம் மாறிவிடும் கடிகாரம் வேண்டாம். சுவரில் மாட்டும் துளை இல்லாத மாடலில் ஸ்டாண்டை இரட்டைப் பக்க டேப்பால் மேஜையோடு ஒட்டுங்கள். ஒயரைச் சுவரோடு கிளிப் போட்டுக் கொண்டுபோனால் கால் தடுக்காது, தொங்கும் ஒயரைக் கண்டதும் பிடுங்கிச் சுருட்டி வைக்கும் கைக்கும் அது எட்டாது.